எங்கள் வீட்டு விடியற்காலையையும் கேட்டு எழுதுங்கள்

மாற்றுத்திறனாளர் சான்றுக்காக மனநோயின் பாதிப்பை மதிப்பிடும் மருத்துவக் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் என் தம்பியை அழைத்துக்கொண்டு நானும் அம்மாவும் உங்களைப் போன்ற ஒரு குழுவின் முன் வந்து நின்றோம். அவனுக்கு வயது 34. மனச்சிதைவு நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் முறை வந்ததும் அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குரல் ஏதும் கேட்கிறதா, யாராவது உங்களுக்குக் கெடுதல் செய்வதாகத் தோன்றுகிறதா, நீங்களே குளித்துக்கொள்வீர்களா, நீங்களே சாப்பிடுவீர்களா என்று நான்கைந்து கேள்விகள் கேட்டார்கள். முதல் இரண்டுக்கும் "இல்லை சார்" என்றான், மற்றவற்றுக்கு "ஆமா சார்" என்றான். "பார்த்தா நல்லாத்தானே இருக்காரு" என்றார் மருத்துவர். நான் எழுந்து பேச முயன்றபோது, "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா, அவரையே பேச விடுங்க" என்றார்கள். ஐந்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மதிப்பீட்டுத் தாளில் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளும் பகுதிக்குப் பூஜ்ஜியம், அதாவது பாதிப்பே இல்லை என்று, போட்டிருந்தார்கள். மொத்தப் புள்ளி 6. இன்னும் ஒரு புள்ளி இருந்திருந்தால் அது 40 விழுக்காடு என்று ஆகியிருக்கும் என்பதும், அந்த 40 இல்லாமல் அரசின் உதவித்தொகையும் வேலை ஒதுக்கீடும் எட்டாது என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவரை உள்ளே அழைத்துக் கேளுங்கள், அவர் சொல்வதைத் தாளில் எழுதுங்கள் என்ற ஒரே வேண்டுகோளை வைப்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தப் பூஜ்ஜியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் முன் அவன் குளித்து, தலை வாரி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான் என்பது உண்மை. அன்று அம்மா எழுந்தது விடியற்காலை நாலு மணிக்கு. அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பவே ஐந்தரை ஆகிவிட்டது. அவன் உறங்கும் தலையணையின் மேல் எப்போதும் ஒரு துண்டு விரித்திருக்கும். குளோசாபைன் மாத்திரையால் இரவெல்லாம் எச்சில் வடிந்து அந்தத் துண்டு காலையில் நனைந்து கிடக்கும். அதை மாற்றி, வெந்நீர் வைத்து, அவனைக் குளியலறைக்குள் அனுப்பிவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு அம்மா வெளியே நிற்பார். "தண்ணி மோந்து ஊத்துப்பா. இன்னொரு சொம்பு. இப்ப சோப்பு எடு. கழுத்துக்குப் போடு. காலுக்குப் போடு. இப்ப ஊத்து." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செயல்தான் நடக்கும். அம்மா நிறுத்தினால் அவனும் நின்றுவிடுவான். ஒருமுறை அடுப்பில் பால் பொங்குகிறதென்று அம்மா போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அவன் கையில் காலிச் சொம்போடு, உடம்பெல்லாம் சோப்பு காய்ந்துபோய், சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றிருக்கிறான். பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலை நேரம் எங்கள் வீட்டில் இப்படித்தான் கழிகிறது. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது அம்மா. தலை வாரியது நான். நீங்கள் பூஜ்ஜியம் என்று எழுதியது என் தம்பியின் திறனுக்கு அல்ல, அம்மாவின் பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு. அம்மாவுக்கு இப்போது 63 வயது.

அவன் பொய் சொன்னான் என்றும் நான் சொல்லவில்லை. குளிப்பீர்களா என்று கேட்டால் குளிக்கிறேன் என்பதுதானே அவனுக்குத் தெரிந்த பதில்? குரல் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். மாத்திரை அந்தக் குரல்களை அடக்கிவிட்டது, அதற்காக மருத்துவத்துக்கு நாங்கள் ஆயுள் முழுக்கக் கடன்பட்டவர்கள். ஆனால் நோய் எடுத்துக்கொண்டுபோன மற்றவற்றை எந்த மாத்திரையும் இன்னும் திருப்பித் தரவில்லை. எதையும் தானாகத் தொடங்கும் உந்துதல் இல்லை, பேச்சு ஓரிரு சொற்களாகச் சுருங்கிவிட்டது, முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை வருத்தமும் இல்லை. இவையும் மனச்சிதைவின் அறிகுறிகளே என்று பாடநூலில் படித்தவர்கள் நீங்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பையன் அவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறையில் சேர்த்துவிட்டோம். பதினோராவது நாள் அவரே வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு, "ஓடுற மெஷின் முன்னாடி அசையாம நிக்கிறான்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று கண்கலங்கினார். இதெல்லாம் நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கும் நான்கு கேள்விகளில் வெளியே வருமா, நீங்களே சொல்லுங்கள்.

மனநோயை வரையறுப்பது எளிதல்ல என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. சர்க்கரைக்கு ரத்தத்தில் ஓர் அளவு உண்டு, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே உண்டு. மனச்சிதைவு என்று உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. எது நோய், எது நோயல்ல என்ற கோட்டை மருத்துவ உலகமே தவறாகப் போட்டுப் பின்னால் அழித்திருக்கிறது. தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்துக்கு 1973 வரையும், உலக சுகாதார நிறுவனத்துக்கு 1990 வரையும் ஆயிற்று. அந்தப் பாடத்தை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்புகளோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்றாம் பிரிவிலேயே சொல்கிறது.

அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு முதலியவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு, ஒருவரின் முடிவெடுக்கும் திறனையோ நடத்தையையோ நிஜத்தை அறியும் ஆற்றலையோ, வாழ்வின் சாதாரணத் தேவைகளுக்கு ஈடுகொடுக்கும் திறனையோ பெரிதும் பாதித்தால் அது மனநோய் என்று அதே சட்டம் வரையறுக்கிறது. மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொல்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய் வகைப்பாடும், தனி வாழ்வு, குடும்பம், சமூகம், கல்வி, வேலை ஆகியவற்றில் நேரும் பாதிப்பைப் பற்றிப் பேசுகிறது. ஆக, வரையறையின் பாதி மருத்துவரின் அறையில் தெரியும், மறுபாதி நோயாளியின் வீட்டில்தான் தெரியும். வாழ்வின் சாதாரணத் தேவை என்று சட்டம் எழுதியிருக்கிறதே, அது எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவருகில் தினமும் நடப்பது. அதைப் பார்த்தவர் ஒருவர் உங்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது அவரை வெளியே நிறுத்திவிட்டு எப்படி அந்த வரையறையை நிரப்புகிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

என் வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனநோயின் பாதிப்பை அளக்க நீங்கள் பயன்படுத்தும் ஐடியாஸ் அளவுகோலை இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு வகுத்தது, 2002-இல் அது அரசின் ஏற்பைப் பெற்றது. தன்னைப் பராமரித்துக்கொள்ளல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை என்ற நான்கு பகுதிகளுக்கும் 0 முதல் 4 வரை புள்ளிகள். நோய்க்காலத்துக்குத் தனியே புள்ளி. இவ்வளவையும் வகுத்தவர்கள் அதை எப்படி நிரப்ப வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். இயன்றவரை நோயாளியைப் பராமரிப்பவரிடமிருந்தே தகவல் பெற வேண்டும், நோய்க் குறிப்புகளைப் பார்க்க வேண்டும், நோயாளியையும் பேட்டி காண வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதல். அன்று இந்த மூன்றில் ஒன்றுதான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக் குறிப்புகள் அடங்கிய கோப்பு என் மடியிலேயே இருந்தது. நான் கேட்பது புதிய சலுகை அல்ல. பராமரிப்பவரைக் கேளுங்கள் என்று உங்கள் அளவுகோலே உங்களிடம் கேட்கிறது.

கூட்டம் மிகுதி என்பீர்கள். நானும் பார்த்தேன். அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் வரிசையில் இருந்தார்கள், மருத்துவர் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பொய்ச் சான்று கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள், வீட்டார் சொல்வதை அப்படியே நம்ப முடியாது என்பீர்கள். நம்ப வேண்டாம், சரிபாருங்கள். தொடர்ந்து சிகிச்சை தரும் மருத்துவரின் குறிப்போடு ஒப்பிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன் சமூகப் பணியாளர் ஒருவர் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வரட்டும். கதவு திறந்தே இருக்கும். ஆனால் சந்தேகம் இருக்கிறது என்பதற்காகக் கேட்காமலேயே விட்டுவிடுவது எந்த வகையில் சரியாகும்? ஏமாற்ற வந்தவருக்கு எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கும். என் தம்பியைப் போல, குளிப்பீர்களா என்றால் உடனே "ஆமா சார்" என்பவனுக்குத்தான் அது தெரியாது.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று வரிசையை ஒழுங்குபடுத்தியவர், "மனவளர்ச்சி குன்றினவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று எங்களையும் சேர்த்துக் கூவினார். அறிவுத்திறன் குறைபாடும் மனநோயும் வேறு வேறு என்று மாற்றுத்திறனாளருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டமே ஏழு வகைக் குறைபாடுகளுக்குள் இவற்றைத் தனித்தனியாக வைத்தது. 2016-இல் அந்தப் பட்டியல் 21 ஆக நீண்டது. மனநலச் சட்டத்தின் வரையறையும் அறிவுத்திறன் குறைபாட்டைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. சட்டத்தில் இத்தனை முறை எழுதியும் மருத்துவமனை வராண்டாவுக்கு அது வந்து சேரவில்லை. அறிவுத்திறன் குறைபாடுள்ள அந்தக் குழந்தைகளோடு நிற்பதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களின் பெற்றோர்தான் எங்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் எந்த நோய் என்றே பிரித்துச் சொல்லத் தெரியாத இடத்தில் அதன் அளவை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வார்கள் என்ற பயம் வந்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களில் பலரையும் எங்களைப் போன்ற குடும்பங்கள்தான், வேறு எங்கே போய் நிற்பதென்று தெரியாமல், அங்கே கொண்டுபோய் விட்டிருந்தன. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் அந்த நிலைக்குத் தள்ளப்படாமல் இருக்கத்தானே இந்தச் சான்றும் உதவியும்?

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு தரும் உரிமைப்படி மேல்முறையீட்டுக்கு எழுதிவிட்டேன். எங்கள் ஒரு வழக்கு அதில் சரியாகலாம். ஆனால் அன்று எனக்குப் பின்னால் நின்ற பெண், கையெழுத்து போடத் தெரியாதவர், இருமுனை மனநோய் உள்ள கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவர் அந்த வாரம் தெளிவாக இருந்தார், சிரித்துப் பேசினார். அதற்கு முந்தைய மாதம் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் தெருவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். அந்தப் பெண்ணும் "நல்லாத்தானே இருக்காரு" என்ற சொல்லோடுதான் திரும்பினார். அவர் மேல்முறையீடு எழுதமாட்டார். அதனால்தான் தனி மனுவாக இல்லாமல் இதை எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன்.

ஆகவே திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். மனநோய்க்கான ஒவ்வொரு மதிப்பீட்டிலும் உடன் வாழ்பவரை, நோயாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில், பத்து நிமிடமாவது தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். மகனின் எதிரில் அவனால் முடியாதவற்றை அடுக்கிச் சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. அவர் சொன்னதைத் தாளில் எழுதி, எந்தப் பகுதிக்கு ஏன் இந்தப் புள்ளி என்று ஒரு வரி காரணமும் எழுதுங்கள். அந்தத் தாளின் நகலை எங்களுக்கும் கொடுங்கள்.

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மருத்துவர் ஒருவர் எப்போதோ சொன்னார் என்று, தம்பி எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை முறை சொன்ன பிறகு சாப்பிட்டான், அன்று எத்தனை வார்த்தை பேசினான் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். இப்போது ஒன்பதாவது நோட்டு நடக்கிறது. அன்றும் அதைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார், யாரும் கேட்காததால் வெளியே எடுக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு அழைக்கும் நாளிலும் கொண்டுவருவார். தயவுசெய்து ஒரு பக்கமாவது புரட்டிப் பாருங்கள்.

மரியாதையுடன்,
மனச்சிதைவு நோயோடு வாழும் ஒருவனின் அக்கா