பார்க் டாய்லெட் சாவி யாருகிட்ட இருக்கு? பூங்கா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்க ஊரு மாநகராட்சியில பூங்காக்கள பாத்துக்குற அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் ரிட்டயர்டு ஆளு, பிபி மாத்திரை போடுறவன், காலைல உங்க பார்க்குலதான் வாக்கிங். நல்லத முதல்ல சொல்லிடுறேன், நடைபாதை நல்லா போட்டிருக்கீங்க, கூழாங்கல் பதிச்சு எட்டு வடிவத்துல ஒரு பாதை, ஓபன் ஜிம்முக்கு புது பெயிண்ட்டு, எல்லாம் சரி. ஆனா டாய்லெட்டுக்கு பூட்டு. கேட்ட அஞ்சு மணிக்கே திறந்துடுறாங்க, டாய்லெட் மட்டும் கிளீனிங் அக்கா வந்தப்புறம்தானாம், அவங்க வர எட்டு ஆயிடும், அதுக்குள்ள நாங்க வீட்டுக்கே போயிடுவோம். வாட்ச்மேன் தம்பிகிட்ட கேட்டா "சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்கு சார்"ங்குறாரு, சூப்பர்வைசர்கிட்ட போனா "மேல இருந்து ஆர்டர் வரணும்"ங்குறாரு. அந்த மேல நீங்கதான்னு நினைச்சு எழுதுறேன்.

டாய்லெட்டுக்கு ஒரு மடலான்னு சிரிக்காதீங்க. எங்கள்ல நிறைய பேரு போடுற பிபி மாத்திரை பேருக்குப் பின்னாடி 'எச்'னு ஒரு எழுத்து இருக்கும், அது ஹைட்ரோகுளோரோதயசைடு, உடம்புல இருக்குற உப்பையும் தண்ணியையும் யூரின்ல வெளிய தள்ளுற மருந்து. ராத்திரி போட்டா தூக்கம் கெடும்னு டாக்டருங்க காலைலதான் போடச் சொல்லுவாங்க, போட்ட ரெண்டு மணி நேரத்துல அது வேலைய ஆரம்பிச்சிடும், ஆம்பளைங்களுக்கு புரோஸ்டேட் தொல்லை வேற. ஆம்பளைங்க மரத்துப் பக்கம் ஒதுங்கிடுறாங்க (அதுவும் உங்க பார்க்குக்கு நல்லதில்ல), லேடீஸ் என்ன பண்ணுவாங்க? எந்திரிச்சதுலேந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம வர்றாங்க. சில பேரு மாத்திரையே வாக்கிங் முடிஞ்சப்புறம்தான், அப்புறம் மறந்தும் போயிடுறாங்க.

நீர் மாத்திரையால தண்ணி ஏற்கனவே குறைஞ்சிருக்கும், அதுக்கு மேல வேர்வை, குடிச்சதும் இல்ல, வேகமா நடந்துட்டு டக்குனு நின்னா ரத்தம் கால்லயே தங்கி தலை சுத்தும். எங்க குரூப்புல ஒரு அம்மா பெஞ்சுலேந்து எந்திரிக்கும்போது அப்படியே சாஞ்சிட்டாங்க, நல்ல வேளை பக்கத்துல ஆளு இருந்தது. பிபி ஏறிடுச்சுன்னு ஆளாளுக்கு சொல்றாங்க, மெஷின் வச்சுப் பாத்தா மேல் நம்பர் நூறுக்கும் கீழ!

அதுக்காக நடக்காம இருக்க முடியுமா? பிபி இருக்குறவங்க விடாம வேகமா நடந்தா மேல் நம்பர் அஞ்சுலேந்து எட்டு வரைக்கும் குறையும்ங்குறாங்க, நடந்து முடிச்சப்புறமும் பல மணி நேரம் பிபி இறங்கியே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150 நிமிஷமாவது, 65 தாண்டுனவங்க விழாம இருக்க பேலன்ஸ் பயிற்சியும் வாரத்துல மூணு நாள். நம்ம அரசாங்கமே 2021ல மக்களைத் தேடி மருத்துவம்னு பிபி மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்தாங்க, 2023ல நடப்போம் நலம் பெறுவோம்னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை போட்டாங்க. என்னக் கேட்டா எங்க வயசுக்கு எட்டு கிலோமீட்டர் அதிகம், தினம் அரை மணி நேரம் போதும், நடக்கும்போது அரசியல் பேச முடியணும், பாட்டு பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். மாத்திரையும் குடுத்து பாதையும் போட்டுட்டு நடுவுல ஒரு பூட்ட தொங்க விட்டா எப்படிங்க?

ஓபன் ஜிம்முல ஒரு போர்டு வைங்க, பெரிய எழுத்துல, தமிழ்ல, மூச்ச புடிச்சுக்கிட்டு இழுக்காதீங்கன்னு. சில பெரியவங்க முகம் சிவக்க சிவக்க இழுக்குறாங்க, அந்த நேரத்துல பிபி எகிறும்.

மத்தபடி கேக்குறது இவ்வளவுதான். சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுங்க, அதுக்கு டெண்டர் விட வேண்டியதில்ல. கிளீனிங் அக்காவ அஞ்சு மணிக்கு வரச் சொல்லிடாதீங்க, அவங்களுக்கும் வீடு வாசல் இருக்கு, முந்தின நாள் சாயங்காலம் கழுவி வச்சிட்டுப் போனா போதும். உள்ள ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி, வெளிய ஒரு குடிதண்ணி டேப்பு. ஓபன் ஜிம்முக்கு இன்னும் ரெண்டு மெஷின் வரப் போகுதுன்னு கேள்விப்பட்டேன், காசு பத்தலன்னா அதுல ஒண்ண குறைச்சுக்கோங்க, நாங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டோம்.