ஃப்ரிட்ஜ் அனுப்பிய செய்தி எங்கே நின்றது?

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் முன்போலவே இருக்கிறது. அக்கா உன்னை விசாரித்தாள். நீல சைக்கிள் இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னாள். நீ என்ன சொல்வாய் என்பது எனக்குத் தெரியும் என்பதால், உன் சார்பில் நானே பதில் சொல்லிவிட்டேன்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. சென்ற வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உன் அப்பாவின் இன்சுலினும் எங்கள் வீட்டைப் போலவே ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. கதவு திறந்திருந்தால் செல்பேசிக்கே தகவல் வந்துவிடும், கவலையே வேண்டாம் என்று உன்னிடம் அடித்துச் சொல்லி, அதே வகை ஃப்ரிட்ஜை வாங்க வைத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறைக் கதவைத் திறந்ததும் இருட்டுக்குள் விரல் அகலத்தில் ஒரு வெளிச்சக் கோடு தரையில் விழுந்திருப்பதைக் கண்டேன். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு முழுவதும் உள்ளே போகாமல் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதில் இடித்து நின்றுவிட்ட கதவு இரவு முழுக்க அப்படியே இருந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது: சீரான இடைவெளியில் கீக், கீக் என்று ஒலி எழுப்பியபடி இருந்தது. ஆனால் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது, ஒவ்வோர் அறையிலும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஒருவர் காதிலும் அது விழவில்லை. மேலே இருந்த வெப்பநிலை எண் 14 டிகிரி என்று காட்டியது. அம்மாவின் இன்சுலின் டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். அட்டையில் ஈரம் கோத்திருந்தது, குளிர்ச்சி இல்லை. என் செல்பேசியோ இரவெல்லாம் தலைமாட்டில், முழு ஒலியில் இருந்தது. அதில் ஒரு வரிகூட வந்திருக்கவில்லை.

காலையில் மருத்துவரிடம் பேசினேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாததால் மருந்து கெட்டுவிடவில்லை, ஆனால் அம்மா போட்டுக்கொள்ளும் வகை குளிரைவிட்டு வெளியே வந்துவிட்டால் 28 நாட்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்றார். வகைக்கு வகை இந்தக் கணக்கு மாறும் என்பதால், உன் அப்பாவுடையதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள். டப்பாவில் ஐந்து இன்சுலின் பேனாக்கள், அதாவது மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசிகள், இருந்தன. ஒவ்வொன்றிலும் 300 யூனிட். ஊசிமுனையைச் சரிபார்க்கும் 2 யூனிட்டையும் சேர்த்து அம்மாவுக்கு நாளொன்றுக்கு 20 யூனிட் ஆகிறது. 28 நாட்களில் இரண்டு பேனாக்கள் போதும். மீதி மூன்று வீண். டப்பாவின் மேல் அன்றைய தேதியை எழுதிவைத்தேன். எழுதும்போது கை நடுங்கியது, கதிர். நான் விழித்துக்கொள்ளாமல் இருந்து, விடிந்தபின் வேறு யாராவது கதவைச் சாத்தியிருந்தால், எண் மறுபடியும் 4-க்கு இறங்கியிருக்கும். மருந்து இரவெல்லாம் போதிய குளிரில்லாமல் இருந்த விஷயமே நமக்குத் தெரிந்திருக்காது. பல மாதங்கள் கழித்து அம்மாவின் சர்க்கரை அளவு ஏன் இறங்கவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்திருப்போம்.

அன்று முழுவதும் தவறான இடத்தில் தேடினேன். செல்வத்திடம் சொன்னால் அவன் என்ன சொல்வான் என்பது உனக்குத் தெரியும், அதையேதான் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டு ரூட்டரை அணைத்துப் போட்டேன், ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். பிறகு, இப்படிப்பட்ட சாதனங்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும், 5 கிகாஹெர்ட்ஸை ஏற்காது என்பது நினைவுக்கு வர, ரூட்டரின் அமைப்புகளில் நுழைந்து இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். கடைசியில் செயலியிலிருந்து ஃப்ரிட்ஜையே நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். மாலை வரை இதே வேலை. கதவைத் திறந்து வைத்துச் சோதித்தால், ஃப்ரிட்ஜ் கத்தியது. செல்பேசி வாய் திறக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஒரு விஷயம் பொறி தட்டியது. கதவைத் திறந்துவிட்டு, செயலியைத் திறந்து பார்த்தேன். மேலேயே 'கதவு திறந்துள்ளது' என்று சிவப்பில் நின்றது. கதவைச் சாத்தினேன், இரண்டு நொடிகளில் அந்த வரி மறைந்தது. மறுபடி திறந்தேன், மறுபடி வந்தது. காலையிலேயே இதைப் பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. உனக்குத் தேவைப்படுவது இதுதான். கதவில் இருக்கும் சிறு உணரி கதவு திறந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறது. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் வைஃபை பாகம் அதை ரூட்டர் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. இது முதல் பாதி. நாம் செயலியைத் திறக்கும்போது செயலி நேராக அந்தச் சர்வரிடம் போய் நிலவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஆனால் செயலி மூடியிருக்கும்போது வரவேண்டிய அறிவிப்புக்கு வழி வேறு. பேட்டரி வீணாகக் கூடாது என்பதற்காக, செல்பேசி ஒவ்வொரு செயலியின் சர்வரோடும் தனித்தனியாக இணைப்பு வைத்துக்கொள்வதில்லை; ஆண்ட்ராய்டு என்றால் கூகுளோடும், ஐபோன் என்றால் ஆப்பிளோடும் ஒரே ஒரு பொது இணைப்பு வைத்திருக்கிறது. நிறுவனத்தின் சர்வர் செய்தியை அவர்களிடம் ஒப்படைக்கிறது, அவர்கள் அதைச் செல்பேசிக்குத் தள்ளுகிறார்கள், அதைத் திரையில் காட்டலாமா வேண்டாமா என்று செல்பேசியின் இயங்குதளம் முடிவு செய்கிறது. இது இரண்டாம் பாதி. ஆகவே செயலியைத் திறந்தால் சரியான நிலவரம் தெரிகிறது, மூடியிருந்தால் அறிவிப்பு வருவதில்லை என்றால், ஃப்ரிட்ஜும் வைஃபையும் ரூட்டரும் குற்றமற்றவை. கோளாறு இரண்டாம் பாதியில்தான் இருக்க வேண்டும். செயலியே 'இணைப்பில் இல்லை' என்று காட்டினால் மட்டும் ரூட்டர் பக்கம் போ.

என் செல்பேசியில் அது எங்கே இருந்தது என்று கேட்டால் உனக்கும் கோபம் வரும். செயலிக்கான அறிவிப்பு அனுமதி இருந்தது. ஆண்ட்ராய்டு 13 வந்த 2022-லிருந்து புதிதாக நிறுவும் ஒவ்வொரு செயலியும் அந்த அனுமதியைக் கேட்டுத்தான் பெற வேண்டும், நான் கொடுத்திருந்தேன். செயலிக்குள்ளேயே இருக்கும் கதவு அறிவிப்புக்கான பொத்தானும் இயக்கத்தில்தான் இருந்தது. செல்பேசி அமைப்புகளில் அந்தச் செயலியின் அறிவிப்புப் பக்கத்தை இன்னும் கீழே தள்ளிக்கொண்டு போனபோதுதான் வகைப் பட்டியல் கண்ணில் பட்டது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரு செயலி தன் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரிக்கலாம்; நாம் வேண்டாத வகையை மட்டும் அணைத்துவிடலாம். இந்தச் செயலியில் இருந்ததோ 'பொது' என்ற ஒரே வகை. அது அணைந்திருந்தது.

அணைத்தவன் நான்தான். இரண்டு மாதங்களுக்கு முன் அந்தச் செயலியிலிருந்து நாள் தவறாமல் விளம்பரங்கள் வந்தன: புதிய மாடல், தள்ளுபடி, உத்தரவாத நீட்டிப்பு. ஒருநாள் எரிச்சலில் அந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்து, இந்த வகை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளம்பரம் நின்றது. அதே வகைக்குள் அடைத்து வைத்திருந்த கதவு எச்சரிக்கையும் சேர்ந்து நின்றது. விளம்பரத்தை ஒரு வகையாகவும் ஆபத்துச் செய்தியை இன்னொரு வகையாகவும் பிரிப்பதற்கான வசதி இயங்குதளத்திலேயே இத்தனை ஆண்டுகளாக இருக்கிறது; அதைப் பயன்படுத்தாமல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். மருந்து வைத்திருக்கும் வீட்டில் இதன் விளைவு என்ன என்று அந்த நிறுவனத்துக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை விடப்போவதில்லை.

சரி, நான்தான் அணைத்தேன், ஆனால் அதே கணக்கில் அக்காவின் செல்பேசியும் சேர்க்கப்பட்டிருக்கிறதே, அவளுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி மறுநாள் எழுந்தது. வாங்கிப் பார்த்தேன். அவள் எந்த வகையையும் அணைக்கவில்லை. ஆனால் நிறுவிய நாளுக்குப் பிறகு அந்தச் செயலியை அவள் திறக்கவே இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், சில மாதங்கள் தொடர்ந்து தொடப்படாத செயலியை இயங்குதளமே உறக்கத்தில் ஆழ்த்திவிடுகிறது. கொடுத்திருந்த அனுமதிகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அப்போது எவ்வளவு அவசரச் செய்தி வந்தாலும் அந்தச் செயலியை அது எட்டாது. யோசித்துப் பார், கதிர். அபாயம் வந்தால் மட்டும் குரல் கொடுக்கவேண்டிய செயலியை நாம் ஏன் தினமும் திறக்கப் போகிறோம்? எல்லாம் நன்றாக இருக்கும் மாதங்களில்தான் அது நம் கையைவிட்டுப் போகிறது. அந்தச் செயலியின் தகவல் பக்கத்தில், பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவை என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அணைத்தேன். பேட்டரிப் பகுதியில் 'கட்டுப்படுத்தப்பட்டது' என்றிருந்ததை 'கட்டுப்பாடற்றது' என்று மாற்றினேன்.

என் செல்பேசியில் அணைந்திருந்த அந்த வகையையும் மறுபடி இயக்கிவிட்டுப் பகலில் சோதித்தபோது எங்கள் இருவர் செல்பேசியும் ஒலித்தன. அதோடு நான் நிறுத்தவில்லை. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் ஆண்ட்ராய்டு செல்பேசி கொஞ்ச நேரத்தில் ஆழ்ந்த ஓய்வுக்குப் போய்விடும். அவசரம் என்று குறிக்கப்படாத செய்திகளை அப்போது அது தாமதப்படுத்தும். ஆகவே இரவு பதினொரு மணிக்கு இரண்டு செல்பேசிகளையும் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் தொடாமல் இருந்துவிட்டு, கதவை விரலளவு திறந்து வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். இரண்டாவது நிமிடத்தில் ஃப்ரிட்ஜ் கீக் என்றது. எட்டு நொடி கழித்து அக்காவின் செல்பேசி மேசையில் அதிர்ந்தது, அதன் பின்னாலேயே என்னுடையது. அந்த இருட்டில் அந்த ஒலியைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரம் போய்விட்டால் ஃப்ரிட்ஜும் ரூட்டரும் சேர்ந்தே அணைந்துவிடும். செய்தி அனுப்ப அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். எந்த அமைப்பை மாற்றினாலும் இது தீராது. அதனால் மருந்துத் தட்டில், எட்டிய அதிகபட்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பேட்டரி வெப்பமானி ஒன்றை வைத்திருக்கிறேன். காலையில் ஊசி எடுக்கும்போது அம்மாவே அந்த இரண்டு எண்களைப் படித்துச் சொல்கிறார். பின்சுவரை ஒட்டி மருந்தை வைக்காதே; அங்கே உறைந்துவிட வாய்ப்புண்டு, உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது உன் வேலை. நீ வைத்திருப்பது ஐபோன். அதில் அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய் முதலில் அந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார். அடுத்து, அறிவிப்புகளைச் சேர்த்துவைத்துக் குறித்த நேரத்தில் மொத்தமாகக் கொடுக்கும் தொகுப்பு வசதி 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் இருக்கிறது. அந்தச் செயலி அதற்குள் சிக்கியிருந்தால், இரவு நேரச் செய்தி காலையில்தான் உன் கண்ணில் படும். மூன்றாவதாக, தூங்கும்போது அழைப்புகளையும் அறிவிப்புகளையும் ஒலிக்கவிடாமல் தடுக்கும் ஃபோகஸ் வசதியைப் போட்டுக்கொள்பவன் நீ; சென்ற முறை நடு இரவில் நான் அழைத்தபோது நீ எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று பின்னால் சொன்னாய். அந்தத் தூக்க ஃபோகஸில் அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் ஃப்ரிட்ஜ் செயலியைச் சேர்த்துவிடு. என் எண்ணையும் சேர்த்துவிடு.

இதையெல்லாம் செய்தபின், அப்பா தூங்கிய பிறகு, ஃபோகஸ் போட்டு, செல்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, மருந்தை ஐந்து நிமிடம் வெளியே எடுத்துவைத்துக் கதவைத் திறந்து பார். ஃப்ரிட்ஜ் ஒலித்த எத்தனை நொடியில் உன் செல்பேசி ஒலித்தது என்று எனக்கு எழுது. ஒலிக்கவில்லை என்றால் எழுதிக்கொண்டிருக்காதே. எந்த நேரமானாலும் அழை.

அன்புடன்,
சேகர்