அடிமட்டம் வைத்துக் கீறின கோடு

திருகோணமலை

அன்பின் மச்சான்,

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ பாதியில் கத்தத் தொடங்குவாய், நானும் கத்துவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு இருந்து வாசி. நீளமான கடிதம்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. உன் தங்கச்சியைப் பத்திரகாளி அம்மன் கோயிலடியில் கண்டேன். நீ மெலிந்துபோனாய் என்றாள், நான் நம்பவில்லை. கம்போசிட்டர் ஐயா இன்னும் உன்னை "கத்தரிக்காய்" என்றுதான் விசாரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பத்திரிகைக்கு வந்துகொண்டிருந்த அரச விளம்பரங்கள் நின்றுவிட்டன. கேள்விப்பத்திர (டெண்டர்) அறிவித்தல், வெற்றிட அறிவித்தல், ஏல அறிவித்தல் ஒன்றுமே வருவதில்லை. வாய்க்கால் செய்தி வந்த இதழுக்குப் பிறகுதான் இது. நீ அதை வாசித்துவிட்டு எனக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டுகிற படம் அனுப்பியிருந்தாய், ஞாபகம் இருக்கும். வேலை முடிந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள், கொங்கிறீற்று அரைவழியில் நிற்கிறது, கடைசி வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. படம் போட்டோம், விவசாயிகள் சொன்னதைப் போட்டோம், அலுவலகம் தந்த விளக்கத்தையும் அதே பக்கத்தில் போட்டோம். மறுப்பு அனுப்பினால் அதையும் போடுவோம் என்று கடிதம் கொடுத்தோம். மறுப்பு வரவேயில்லை. அடுத்த கிழமை விளம்பரமும் வரவில்லை.

அலுவலகத்தின் பெயரை இதில் எழுதவில்லை. முறைப்படி எழுத வேண்டிய இடத்தில் எழுதுவேன்.

பழைய பில் நிலுவைக்காக ஒருநாள் அங்கே போனேன். பொறுப்பான உத்தியோகத்தர் மேசையில் இல்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே, பிள்ளையார் படத்துக்கும் விடுமுறைக் கலண்டருக்கும் நடுவில், தட்டச்சில் அடித்த ஒரு தாள் கிடந்தது. விளம்பரம் அனுப்பும் பத்திரிகைகளின் பெயர்ப்பட்டியல். எங்கள் பெயருக்கு மேலால் சிவப்புக் கோடு. கோபத்தில் கிறுக்கின கோடு என்றால் எனக்கு இவ்வளவு பட்டிருக்காது. அடிமட்டம் வைத்து, முதலெழுத்தில் தொடங்கி கடைசி எழுத்தில் முடிகிற மாதிரி, ஆறுதலாகக் கீறியிருந்தார்கள். பக்கத்தில் திகதி இல்லை, கையொப்பம் இல்லை, காரணம் இல்லை.

யார் சொன்னது என்று கேட்டேன். "மேலிடம்" என்றார்கள். எந்த மேலிடம்? மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. போய்க் கேட்பதற்கு நாங்கள் தெரிவுசெய்த ஒருவர் அங்கே இல்லை மச்சான். இருக்கிறவர்கள் அதிகாரிகளும் கோவைகளும்தான்.

அந்தத் தாளின் பிரதியைத் தரும்படி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். பதினான்கு வேலைநாளுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். எந்த அடிப்படையில் பத்திரிகைகளைத் தெரிவுசெய்கிறீர்கள், எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு காசு போனது என்பதையும் கேட்டோம். பதில் வந்தது: "அவ்வாறான ஆவணம் எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை." நான் என் கண்ணால் வாசித்த தாள் அது. காசுக் கணக்குக்கும் பதில் இல்லை. குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்தோம். அவர் இன்னொரு கேள்வியைத் திருப்பிப் போட்டார், அதுதான் உன்னோடு சம்பந்தப்பட்டது. கடைசியில் சொல்கிறேன், இடையில் தாவிப் பார்க்காதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

காசு நட்டம்தான், மறைக்கவில்லை. வருமானத்தில் அரைவாசிக்கு மேல் அந்த அறிவித்தல்களால் வந்தது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் ஐலன்ட், திவயின பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தினபோதுகூட நாங்கள் பக்கத்தைக் குறைத்துக்கொண்டு வெளிவந்தோம். இப்போது அச்சகக்காரர் கடன் தரமாட்டேன் என்கிறார். ஆனால் என்னை நித்திரை கொள்ளவிடாதது கடன் இல்லை. இரண்டு பேர்.

ஒருவர் கிண்ணியாவிலிருந்து வந்த காக்கா, முஸ்லிம் அண்ணர். சின்ன ஒப்பந்தகாரர். மதகு, பாலம், பள்ளிக்கூடச் சுற்றுமதில் என்று செய்கிறவர். கந்தோருக்கு எங்கள் பழைய இதழ்களை ஒரு சீமெந்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக விரித்து, கேள்விப்பத்திரம் வந்த மூலைகளில் தான் பேனையால் வட்டம் போட்டிருந்ததைக் காட்டினார். பிறகு கடைசி இதழ்களை விரித்தார், வட்டம் இல்லை. "தம்பி, எனக்குப் பக்கத்துல ஒரு மதகு வேலை போயிருக்கு. ஆக்கள் வந்து கல்லுப் பறிக்கேக்குள்ளதான் தெரிஞ்சது" என்றார். அந்த அறிவித்தல் ஒரு கொழும்புப் பத்திரிகையில் வந்திருக்கிறது, அவர் ஊர்க் கடைக்கு அது வருவதில்லை. வேலை கிடைத்திருக்குமோ தெரியாது, கேட்கிற வாய்ப்பாவது இருந்திருக்கும் என்கிறார். நான் அவருக்கு என்ன சொல்ல? வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஊரில் தமிழ் வாசிக்கிற ஆளின் கைக்கு வராத அறிவித்தலை யாருக்குக் கொடுத்த அறிவித்தல் என்று சொல்வது?

மற்றது எங்கள் புதுப் பெடியன். நீ அவனைக் கண்டதில்லை. நல்ல கை, நிலாவெளிப் பக்கம், மீனவர் செய்தியெல்லாம் அவன்தான். போன கிழமை ஒரு வைத்தியசாலைச் செய்தியோடு வந்தான். மருந்து இல்லை, நோயாளரை வெளியில் வாங்கச் சொல்கிறார்கள். ஆதாரத்தோடு இருந்தது. என் மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்று கேட்டான்: "சேர், இவை எங்களுக்கு விளம்பரம் தாறவையோ?"

மச்சான், எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவன் பயத்தில் கேட்கவில்லை. எங்களில் உள்ள அக்கறையில் கேட்டான். சம்பளம் பிந்தி வருவதை அவன் பார்க்கிறான், கணக்கர் அண்ணை கடன்காரரோடு போனில் கெஞ்சுவதைக் கேட்கிறான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒரு செய்தியை எழுதிவிட்டு அது உண்மையா என்று யோசிக்க முதல் விளம்பரக் கணக்கை யோசிக்கிறது. இனி எவரும் எங்களுக்குத் தடை போட வேண்டியதில்லை, நாங்களே போட்டுக்கொள்வோம். செய்தியை அன்றைக்கே முன்பக்கத்தில் போட்டேன். அவனை இருத்தி சுகிர்தராஜனைப் பற்றிச் சொன்னேன். 2006 ஜனவரி 2 இல் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கிட்ட நின்று சுட்ட காயங்களைக் காட்டின படங்களை எடுத்தவர். அதே மாதம் 24 ஆம் திகதி இந்த ஊர் வீதியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுடர் ஒளி பத்திரிகைக்கு வேலை செய்தவர் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் அப்போது சின்னக் குழந்தை. அந்த நாட்களில் நீயும் நானும் எப்படி வீடு போனோம் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

இனி என் வாசிப்புக் கதை. இரவுகளில் இதைத்தான் தேடித் தேடி வாசிக்கிறேன். எங்களுக்கு நடந்தது உலகத்தில் எத்தனை இடத்தில் நடந்திருக்கிறது தெரியுமா? ஆர்ஜென்ரீனாவில் நெயுக்கேன் என்று ஒரு மாகாணம். ரியோ நெக்ரோ என்ற பத்திரிகை 2002 டிசம்பரில் ஒரு லஞ்ச விவகாரத்தை எழுதியது, மாகாண அரசு விளம்பரத்தை நிறுத்தியது. 2007 இல் உயர் நீதிமன்றம் பத்திரிகைப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். இவ்வளவு விளம்பரம் தா என்று கேட்கிற உரிமை ஒரு பத்திரிகைக்கும் இல்லை, ஆனால் கொடுத்து வந்ததைத் தகுந்த காரணமில்லாமல் நிறுத்துகிற உரிமை அரசுக்கும் இல்லை என்றது. விளம்பரம் பகிர்வதற்கு ஓர் ஒழுங்கைச் சமர்ப்பிக்கவும் சொன்னது. பொட்ஸ்வானாவில் கார்டியன், மிட்வீக் சன் என்ற இரண்டு பத்திரிகைகளுக்கு 2001 இல் இதே கதை, அங்கேயும் நீதிமன்றம் அது கருத்துச் சுதந்திரத்தில் கைவைப்பது என்றது. புவேர்ட்டோ றிக்கோவில் எல் நுவெவோ டியா பத்திரிகை ஆளுநருக்கு எதிராகப் போன வழக்கில் 1999 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே.

எங்கள் நாட்டில் நிலைமை இன்னும் சிக்கல். அரசே பத்திரிகையும் நடத்துகிறது. 1973 இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் பங்குகளில் நூற்றுக்கு 75 ஐப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கச் சட்டம் போட்டார்கள், பிறகு மக்களுக்குப் பிரித்துக் கொடுப்போம் என்றார்கள், இன்னும் கொடுக்கவில்லை. ஆக விளம்பரம் கொடுக்கிற கையும் அதை வாங்குகிற ஒரு கையும் ஒரே உடம்பில். ஆனாலும் எங்களுக்கும் நல்ல வழக்குகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து சற்றர்டே ரிவியூவுக்கு 1983 இல் சீல் வைத்தபோது போட்ட மனு தோற்றுத்தான் போனது, ஆனால் அந்தப் பத்திரிகையின் வாசகருக்கும் வழக்காட உரித்து உண்டென்று உயர் நீதிமன்றம் ஏற்றது. வாசகருக்கு, மச்சான்! எங்கள் கிண்ணியாக் காக்காவுக்கு!

அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். கடிதமே தராமல் நிறுத்தினால் அந்த மாதம் எந்த நாளில் தொடங்குகிறது? சட்டத்தரணித் தம்பியிடம் கேட்டேன், தலையைச் சொறிகிறார். அந்தக் கோட்டுக்குத் திகதி போடாமல் விட்டது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

இதற்கிடையில் ஒருவர் சமாதானம் பேச வந்தார். வருடப்பிறப்புக்கு முழுப்பக்க வாழ்த்து, வர்ணத்தில், பெரிய படத்தோடு, எங்கள் செலவில். பிறகு "எல்லாம் பழையபடி" ஆகுமாம். கணக்கர் அண்ணை போடுவோம் என்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன், பிள்ளைகளின் ரியூசன் காசு அவருக்குத்தான் தெரியும். ஆனால் நான் சம்மதிக்க மாட்டேன். அந்தப் பக்கத்தைப் போட்டால், வாய்க்கால் செய்தி பொய் என்று எங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். விளம்பரம் எங்களுக்கே வர வேண்டுமென்றும் நான் கேட்கவில்லை. எந்தப் பத்திரிகைக்கு, எத்தனை பிரதிக்கு, எந்தப் பிரதேசத்துக்கு, எந்த மொழிக்கு என்று ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டட்டும். அந்த விதிப்படி எங்களுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்போது உன் விஷயம். மேன்முறையீட்டில் அவர்கள் போட்ட கேள்வி: பத்திரிகை ஒரு "குடிமகனா"? தகவல் கேட்கிற உரிமை குடிமக்களுக்குத்தான். ஓர் அமைப்பு கேட்பதென்றால் அதன் உறுப்பினரில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாதோர் இலங்கைக் குடிமக்களாக இருக்க வேண்டும். நாங்கள் ஐந்து பங்காளிகள். அதில் எங்கள் சம்மாட்டி பிரெஞ்சுக் கடவுச்சீட்டு எடுத்து எங்கள் குடியுரிமையை விட்டுவிட்டான், அது தெரியும். நீயும் கனடாக்காரன் மட்டும்தான் என்றால் மூன்று பேர்தான் மிச்சம், போதாது. நீ இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் நாலு பேர், தாராளமாகப் போதும். கலியாணவீட்டில் எடுத்துவிட்டேன் என்று பெருமையடித்தாய். அது உண்மையா, அல்லது அன்றைக்கு உள்ளே போன தண்ணி பேசினதா?

என் தனிப் பெயரில் போடலாம், சட்டத்தரணித் தம்பியும் அதுதான் இலேசு என்கிறார். எனக்கு மனமில்லை. பெயர் வெட்டப்பட்டது பத்திரிகைக்கு, பத்திரிகைதான் கேட்க வேண்டும். அடுத்த படியான தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதம் தவணை, அதில் கொஞ்சம் ஏற்கெனவே போய்விட்டது.

குடியுரிமைச் சான்றிதழின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் பிடித்து அனுப்பு. கூடவே, வாழ்த்துப் பக்கம் வேண்டாம் என்று பங்காளியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேண்டும் என்று நினைத்தால் அதையும் எழுது, கூட்டத்தில் வாசிப்பேன். கூட்டம் வருகிற சனிக்கிழமை பின்னேரம். உன் ஊர் நேரத்துக்குக் காலமை, எழும்பி போனைப் பக்கத்தில் வைத்திரு.

அன்புடன்,
உன் மச்சான்