துருவைத் தொடாதே, கண்ணு

அன்புள்ள கயல்,

நீ வாங்க நினைக்கும் ஜப்பானிய வாளின் ஏழு படங்களையும் நேற்று ராத்திரி கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒகாயாமா பழம்பொருள் கடை, நீளம் 63.6 சென்டிமீட்டர், ஒரு பக்கம் 'பிஷூ ஒசாஃபுனே சுகேசதா' (பிஸென் நாட்டு ஒசாஃபுனே ஊர்க் கொல்லர் சுகேசதா) என்ற பெயர், மறுபக்கம் ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் எய்ஷோ 10, எட்டாம் மாதம். நம் கணக்கில் 1513. விலை நாலரை லட்சம் யென். "அரசாங்கப் பதிவுச் சீட்டு இருக்கும்மா, அதனால அசல்தான்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தச் சீட்டு, தொரோகுஷோ, வாளுக்கு ஆதார் அட்டை மாதிரி. மாவட்டக் கல்வி வாரியம் கொடுப்பது. நீளம், வளைவு, பிடியை மாட்டும் ஆணித்துளை எத்தனை, என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று இருந்ததை இருந்தபடி எழுதியிருப்பார்கள். மரபு முறையில் அடித்த வாள், இதை வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் இல்லை என்பதோடு அதன் வேலை முடிந்தது. வெட்டியிருக்கும் பெயர் அந்தக் கொல்லருடையதுதானா என்று அது சொல்லாது. அளவுகளைச் சீட்டோடு ஒத்துப் பார். துளை எண்ணிக்கையில் ஒன்று கூடக்குறைய இருந்தாலும் வாங்காதே. வாங்கினால், 20 நாளுக்குள் சீட்டு கொடுத்த வாரியத்துக்கே பெயர் மாற்றம் எழுதி அனுப்ப வேண்டும்.

கடைக்காரர் காட்டிய பச்சை நிறச் சான்றிதழ் 'டோகுபெட்சு கிச்சோ'. வாள் பாதுகாப்புச் சங்கம் 1982-க்கு முன்னால் கொடுத்துக்கொண்டிருந்தது. அதில் நம்ப முடியாதவை கலந்துவிட்டன என்பது வாள் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது அதே சங்கம் கொடுப்பது 'ஹோஸோன்', அதற்கு மேலே 'டோகுபெட்சு ஹோஸோன்'. டோக்கியோ ரியோகோகுவில் அவர்கள் அருங்காட்சியகம் இருக்கிறது. "ஹோஸோனுக்கு அனுப்பிப் பாருங்கள், வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?" என்று கேள். அந்தக் கேள்விக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஒசாஃபுனேவில் சுகேசதா ஒருவரல்ல. பல தலைமுறைகளாக டஜன் கணக்கான கொல்லர்கள் அதே பெயரை வெட்டினார்கள். சண்டை ஓயாத காலம்; படைகளுக்குக் கட்டுக்கட்டாக வாள் போன ஊர் அது. அப்படி மொத்தமாக அடித்தவற்றில் 'பிஷூ ஒசாஃபுனே சுகேசதா' என்று சுருக்கமாகவே இருக்கும். ஒருவர் சொல்லிச் செய்ததில்தான் 'பிஸென் நாட்டு' என்று நீட்டி, 'யோசோசாஎமோன்' போன்ற சொந்தப் பெயரும் சேர்ந்து வரும். உன் வாளில் இருப்பது சுருக்கப் பெயர். அது குறை என்று நான் சொல்லவில்லை. மொத்த உருப்படிக்குச் சொல்லிச் செய்த வாளின் விலை கேட்டால் கொடுக்காதே, அவ்வளவுதான். எட்டாம் மாதம் என்பதும் பொருந்துகிறது. அந்த ஊரில் தேதி போட்டவற்றில் பெரும்பாலும் இரண்டாம் மாதமோ எட்டாம் மாதமோதான் இருக்கும். ஆனால் பொய்ப் பெயர் வெட்டுகிறவனுக்கும் இது தெரியும்.

அதனால்தான் பிடியைக் கழற்றி உள்ளே இருக்கும் வால்பகுதியை, நாகாகோவை, பார்க்கச் சொல்கிறேன். உன் ஏழு படங்களில் ஒன்றில்தான் அது இருக்கிறது, அதுவும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துப்போய். ஐந்நூறு வருஷத் துரு கறுப்புக்குப் பக்கத்தில் போன பழுப்பு நிறத்தில், வழவழப்பாக, இரும்போடு இறுகிக் கிடக்கும். செம்மண் நிறத்தில் விரலில் ஒட்டினால் சமீபத்தில் வந்த துரு. எழுத்தின் பள்ளத்துக்குள்ளே இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒரே வயசாகத் தெரிய வேண்டும். அந்தக் கால ஒசாஃபுனே வாள் ஒற்றைக் கையால் வீசச் செய்தது, அதனால் வால் குட்டையாக இருக்கும். உன் படத்தில் குட்டையாகத்தான் தெரிகிறது. எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. 1997-ல் குராஷிகியில் பயிற்சிக்கு இருந்தபோது, வீட்டுக்காரப் பாட்டி பரணிலிருந்து ஒரு சின்ன வாளை எடுத்துக் கொடுத்தார். "நீ எஃகு படித்தவள், இதில் என்ன எழுதியிருக்கிறது பார்" என்றார். வால் முழுக்கத் துரு. மண்ணெண்ணெயும் ஸ்டீல் வுல்லும் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். சாயங்காலம் எழுத்து பளிச்சென்று வந்துவிட்டது. பாட்டியோடு பெருமையாக வாள் தீட்டும் தோகிஷி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிடியை உருவினார், பார்த்தார், துணி மேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பாட்டியிடம்தான் சொன்னார், இனி இது யார் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று. பாட்டி என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தார். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது. துருவைத் தொடாதே, கண்ணு. கடைக்காரர் "சுத்தம் பண்ணித் தருகிறேன்" என்றாலும் விடாதே.

இனி அலகு. கடையில் டியூப் லைட்டை அணைக்கச் சொல்லி ஒரே ஒரு பல்பு கேள். வாளை அந்த வெளிச்சத்தை நோக்கி நீட்டி, கண் மட்டத்தில் மெல்ல ஏற்றி இறக்கு. கூர் ஓரமாக வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஹாமோன், அதாவது தோய்ச்சலில் உண்டாகும் அலைக்கோடு, இல்லை. தீட்டுகிறவர் அழகுக்காகக் கல்லால் வெளுத்ததும் அதில் சேர்ந்திருக்கும். சரியான சாய்வு வந்ததும் அந்த வெள்ளைக்குள்ளே இன்னொரு கோடு எழும். களிமண் பூசித் தண்ணீரில் தோய்ச்சல் வைத்தபோது உண்டானது அதுதான். நான் இருபத்தெட்டு வருஷம் மைக்ராஸ்கோப்பில் பார்த்த அதே மார்ட்டென்சைட், சூடான எஃகு சட்டென்று குளிரும்போது வரும் கெட்டியான வடிவம். மணி மணியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் 'நியே' என்பார்கள், பனிமூட்டம் மாதிரி இருந்தால் 'நியோய்'. முதல் தடவை பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அமிலம் வைத்து வரைந்த போலியில் அந்த ஆழம் வராது, வெள்ளை அடித்த சுவர் மாதிரி தட்டையாக இருக்கும். அந்தக் காலத்து ஒசாஃபுனே வாள்களில் அலை மேடுகள் சில இடங்களில் நண்டுக் கொடுக்கு போல இரண்டாகப் பிரியும். தேடிப் பார்.

மூன்று இடங்களில் நிதானி. கூர் ஓரத்திலிருந்து குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல் ஏறுகிறதா? அது 'ஹாகிரே'. எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் அந்த வாளை விட்டுவிட வேண்டியதுதான். நுனியில் ஹாமோன் முதுகுப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு முன்னாலேயே ஓரத்தில் மறைந்தால், நுனி உடைந்து தேய்த்துச் சரிசெய்தது. கூர் தொடங்கும் காடியிலிருந்து சாய்வாக ஒரு மங்கல் நிழல் மேலே எழுந்தால், தீயில் வெந்து மறுபடி தோய்ச்சல் வைத்த வாளாக இருக்கலாம். மறுதோய்ச்சல் எல்லாம் மோசடி என்று நினைக்காதே. 1615-ல் ஒசாகா கோட்டை எரிந்தபோது கருகிய வாள்களை, கோட்டையை வென்ற தோகுகாவா இயேயாசு சொல்லி யாசுத்சுகு என்ற கொல்லர் மறுபடி தோய்த்தார். இன்றைக்கும் அவற்றைப் போற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் உன் கடைக்காரர் அதைச் சொல்லாமல் விற்கக் கூடாது.

அலகின் பக்கவாட்டில் சொரசொரவென்று திட்டுகள் தெரிந்தால், பலமுறை தீட்டி மேல்தோல் தேய்ந்து உள்ளிரும்பு வெளியே வந்திருக்கிறது. ஜப்பானியர் அதை 'களைத்த வாள்' என்பார்கள். அதற்கு மருந்து கிடையாது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வா. ரயிலில் பக்கம்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் நல்ல வாள்களை இரண்டு மணி நேரம் பார்த்த கண்ணோடு கடைக்குப் போனால், நான் எழுதியதில் பாதி தேவைப்படாது.

நாகாகோவை ஜன்னல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் சாய்த்து, ஃபிளாஷ் இல்லாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பிடியைக் கழற்ற மாட்டேன் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு. அலகில் விரல் படக் கூடாது, கையில் வைத்துக்கொண்டு பேசவும் கூடாது, எச்சில் தெறித்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். மோதிரத்தையும் வாட்சையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ.

அம்மா