“இது நமக்கில்லை” என்று மடித்து வைக்கப்படும் துண்டறிக்கை

மதிப்பிற்குரிய முன்னாள் படைவீரர் நலத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த துண்டறிக்கையை என் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். கேன்டீன் அட்டை, ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை எல்லாவற்றுக்கும் பிறகு, “மனநலம் பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்கள் உரிய மருத்துவரை அணுகலாம்” என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த அப்பா, “இது நமக்கில்லை, கண்ணு” என்று மடித்து வைத்துவிட்டார்.

அது அவருக்குத்தான். 1988இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் இருந்தவர் அவர். முன்னால் சென்ற வண்டி கண்ணிவெடியில் சிதறியதை ஒரே ஒருமுறை, அதுவும் பாதியில் நிறுத்தி, எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஊர் மாரியம்மன் நோம்பிக்கு அதிர்வேட்டுப் போடத் தொடங்கினால், சாளைக்கு, அதாவது எங்கள் தோட்டத்து வீட்டுக்கு, பின்னால் உள்ள மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்பார். வாழைக்குத் தண்ணீர் தேவைப்படாத நாளிலும் மோட்டார் ஓடும். அம்மா ஒன்றும் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை அவருடைய சுபாவம் என்றே சொல்லிவந்தோம்.

‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்ற பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் தனக்குரியதாக ஏற்கமாட்டார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே அந்த வரியை மாற்றுங்கள். இரவில் தூக்கம் கலைகிறதா, வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறதா, வீட்டாரிடம் காரணமின்றிக் கோபம் வருகிறதா என்று கேளுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணை, எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம் என்ற குறிப்போடு பெரிதாக அச்சிடுங்கள். சிகிச்சைக்குப் போனால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு, அப்படி நிற்காது என்றும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே தந்திருக்கிறது என்றும் எழுதுங்கள். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும்போது, சேவை முடித்த சக வீரர் ஒருவரே அந்தத் துண்டறிக்கையைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசினால், அப்பா மடித்து வைக்கமாட்டார். மனைவியருக்கும் தனியே ஒரு மடல் எழுதுங்கள், ஏனெனில் இரவில் விழித்திருப்பது அவர் மட்டுமல்ல.

ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாளுக்கு மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் முதல் அவர் எப்படி உறங்குகிறார் என்று இத்தனை ஆண்டுகளில் எந்த அலுவலகமும் கேட்டதில்லை என்பது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்; ஆனால் அந்த ஒரு வரியை, அடுத்த நோம்பி வருவதற்குள், மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டு முன்னாள் படைவீரர் ஒருவரின் மகள்