38 சதவீதத்தில் அணையும் லேப்டாப்: வாரண்டியில் பேட்டரி மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மதுரை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சார்ஜ் இருக்கும்போதே அணைந்துபோகும் லேப்டாப் – சர்வீஸ் சென்டரின் தவறான முடிவை மாற்றக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் 14 அங்குல லேப்டாப் வாங்கி 9 மாதங்கள் ஆகின்றன. பேட்டரிக்கு 1 ஆண்டு வாரண்டி. கடந்த 5 வாரங்களாக, சார்ஜர் இல்லாமல் ஓடும்போது 35 முதல் 40 சதவீதத்துக்குள் எந்த எச்சரிக்கையும் இன்றிப் பொட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகி ஆன் செய்தால் ஏறக்குறைய அதே சதவீதத்தைத்தான் காட்டுகிறது. சார்ஜரில் ஓடும்போது ஒருமுறைகூட அணைந்ததில்லை.

ஜாப் கார்டில் (பழுது விவரம் எழுதித் தரும் சீட்டு) உங்கள் சர்வீஸ் சென்டர் எழுதியது: "பேட்டரி ஹெல்த் 86 சதவீதம், டெஸ்ட் பாஸ், விண்டோஸை மறுபடி நிறுவவும்." 86 என்ற எண்ணில் தவறில்லை. விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டிலும் ஆலையிலிருந்து வந்தபோது இருக்க வேண்டிய கொள்ளளவு 42,000 மில்லிவாட்-மணி, இன்றைய முழுக் கொள்ளளவு 36,120, சார்ஜ் சுழற்சி 118 என்றே இருக்கிறது. ஆனால் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க அந்த எண் உதவாது.

பேட்டரிக்குள் 3 லித்தியம் செல்கள் தொடராக இணைந்துள்ளன. மூன்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒரு செல்லின் உள்மின்தடை (செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை) கூடிவிட்டால், அதிக மின்னோட்டம் இழுக்கும்போது அந்தச் செல்லின் வோல்ட் மட்டும் சட்டென்று சரியும். அது பாதுகாப்பு வரம்புக்குக் கீழே போன நொடியில் பாதுகாப்புச் சர்க்யூட் மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும். மற்ற இரண்டு செல்களில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் பயனில்லை. சதவீதம் பெரும்பாலும் உள்ளே போன, வெளியே வந்த சார்ஜைக் கணக்கிட்டுச் சொல்லப்படுவது. அதனால்தான் அணையும் நொடிவரை 38 காட்டுகிறது.

இந்த லேப்டாப்பின் நடத்தை இதோடு அப்படியே ஒத்துப்போகிறது. வெளிச்சத்தைக் குறைத்து எழுத்து வேலை மட்டும் செய்தால் 7 வாட் செலவாகும், அதாவது சுமார் 0.6 ஆம்பியர், அப்போது 12 சதவீதம்வரை ஓடுகிறது. வீடியோ அழைப்பும் பிரவுசரும் சேர்ந்து 25 வாட்டைத் தொட்டால் 2 ஆம்பியருக்கு மேல் போகிறது, அப்போதுதான் அணைகிறது. உங்கள் மையத்தின் டெஸ்ட் சில நிமிடங்கள், லேசான சுமையில் ஓடியது. அதில் இந்தப் பழுது எப்படிச் சிக்கும்?

விண்டோஸ் காரணமல்ல என்பதற்கும் சான்று உண்டு. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றி அதே சுமை கொடுத்தபோது 37 சதவீதத்தில் அணைந்தது. லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. 100 வரை ஏற்றி, 2 மணி நேரம் விட்டு, தானாக அணையும்வரை இறக்கி, 5 மணி நேரம் கழித்து மறுபடி முழுதாக ஏற்றி, சதவீதக் கணக்கைச் சரிசெய்யும் அளவுத்திருத்தம் இரண்டு முறை செய்தாயிற்று. மாற்றமில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்றே பதிவாகியிருக்கிறது: முறையாக ஷட் டவுன் ஆகாமல் கணினி நின்றுபோனது என்று பொருள். இந்த நிலையில் டிஸ்கை அழித்து விண்டோஸ் போடச் சொல்வது வாடிக்கையாளரின் கோப்புகளை வீணாகப் பலிகொடுப்பது.

கோரிக்கைகள் இவை. பேட்டரியை 50 சதவீதத்தில் வைத்து 25 வாட் சுமையில் 20 நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் ஜாப் கார்டில் குறிக்க வேண்டும். பழுது உறுதியானால் கட்டணமின்றி அசல் பேட்டரி தர வேண்டும். தயாரிப்புத் தேதியைப் பார்த்துத் தாருங்கள், கிடங்கில் நெடுநாள் கிடந்த பேட்டரி பொருத்தும் முன்பே திறன் இழந்திருக்கும். டிஸ்கைத் தொடக் கூடாது. இந்தப் புகார் நிலுவையில் உள்ள நாட்களை வாரண்டியிலிருந்து கழிக்கக் கூடாது.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தை அணுக நேரிடும்.

இணைப்பு: பில், ஜாப் கார்டு, பேட்டரி ரிப்போர்ட், ஈவென்ட் பதிவுகள், அணையும் காட்சியின் வீடியோ.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்