ராட் டிட்வெல் பேராசைக்காரர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விளையாட்டுப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1996-இல் வந்த 'ஜெர்ரி மக்வயர்' படத்துக்குக் கட்டுரையாளர் ஒன்றரைப் பத்திதான் ஒதுக்கியிருக்கிறார், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதில் வரும் ராட் டிட்வெல்லை 'பணத்தாசை பிடித்த கால்பந்து வீரன்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். கடைசி ஆட்டத்தில் அவர் 'கோல்' அடிப்பதாக வேறு எழுதியிருக்கிறார். படத்தில் வருவது நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கோல் கதையைக் கடைசியில் பார்க்கலாம். பணத்தாசை விஷயத்தைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

நான் 1996-இலிருந்து பத்து வருடம் அரிசோனாவில், டெம்பி நகரத்தில் வேலை பார்த்தவன். டிட்வெல் 'ரிசீவராக', அதாவது எறியப்படும் பந்தைப் பிடிப்பவராக, ஆடுவதாகக் காட்டப்படும் அரிசோனா கார்டினல்ஸ் எங்கள் ஊர் அணி. அப்போது அவர்களுக்குச் சொந்த மைதானம்கூடக் கிடையாது. செயின்ட் லூயிஸிலிருந்து 1988-இல் வந்து இறங்கியவர்கள், பல்கலைக்கழகத்தின் சன் டெவில் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். கூரை இல்லாத மைதானம், உட்கார அலுமினியப் பெஞ்சு. செப்டம்பர் மாதப் பகல் ஆட்டத்துக்கு அரைக்கால் சட்டையோடு போய் உட்கார்ந்துவிட்டு, தோசைக்கல்லில் அமர்ந்தவன்போல் துள்ளி எழுந்தது இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்த அனுபவசாலிகள் எல்லாரும் தடித்த துண்டு கொண்டுவந்திருந்தார்கள். டிக்கெட் முழுதாக விற்காவிட்டால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் காட்ட மாட்டார்கள் என்று அப்போது ஒரு விதி. எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் அணியைப் பார்க்காமலே பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்ததற்கு அந்த விதிதான் காரணம். டல்லஸ் கௌபாய்ஸ் வரும்போது மட்டும் மைதானம் நிரம்பும், அதிலும் பெரும்பாலோர் டல்லஸ் ரசிகர்கள். இப்படிப்பட்ட அணியில் நல்ல ரிசீவராக இருப்பது, கூட்டமில்லாத கல்யாணத்தில் நல்ல நாதஸ்வரம் வாசிப்பதைப் போன்றது.

சரி, ரிசீவரின் வேலை என்ன? கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். மேலே எழும்பிய பந்தைப் பிடிக்க ஒரு ஃபீல்டர் அண்ணாந்து பார்த்தபடி ஓடுகிறார். அவர் கையில் பந்து படும் அதே நொடியில் நூறு கிலோ ஆள் ஒருவர் ஓடிவந்து அவர் விலாவில் முட்டலாம் என்று விதியும் இருக்கிறது. பந்து விழுந்தால் குற்றம் ஃபீல்டர்மேல்தான். ஓரமாக ஓடிப் பிடிப்பவர்களுக்குக் கொஞ்சம் பிழைப்பு உண்டு. மைதானத்தின் நடுவே குறுக்காக ஓடுகிறவர் எங்கிருந்து அடி வரும் என்று தெரியாமலே கையை நீட்ட வேண்டும்.

இந்த வேலைக்குக் கிடைக்கும் ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்பதுதான் கட்டுரையாளர் கவனிக்காத இடம். அமெரிக்க பேஸ்பாலில் மூன்று வருட ஒப்பந்தம் போட்டால் பெரும்பாலும் மூன்று வருடப் பணம் வந்துவிடும். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அப்படி இல்லை. காகிதத்தில் எத்தனை கோடி எழுதியிருந்தாலும், ஆட்டம் சரியில்லை என்றோ சம்பளம் அதிகம் என்றோ அணி வீரரை நீக்கிவிட்டால், உத்தரவாதம் என்று எழுதாத பாக்கி அத்தனையும் காற்றில் போகும். கையெழுத்துப் போடும்போது வாங்கும் முன்பணம்தான் அப்போதெல்லாம் பெரும்பாலும் நிச்சயம். வீரர் மட்டும் ஒப்பந்தக் காலம் முடியாமல் வேறு அணிக்குப் போக முடியாது. நம் ஊரில் இப்படி ஒரு வாடகைப் பத்திரத்தை யாராவது நீட்டினால் எதிரே நின்று சிரிப்போம். ஒரு வீரரின் ஆட்டக்காலம் சராசரியாக 3.3 ஆண்டு என்பது வீரர்கள் சங்கம் சொல்லும் கணக்கு. என்.எஃப்.எல். என்றால் 'நாட் ஃபார் லாங்' (ரொம்ப நாளைக்கு இல்லை) என்று அவர்களே கிண்டலாக விரித்துச் சொல்வதுண்டு.

அப்படியிருக்க டிட்வெல்லுக்கு அணி கொடுக்க முன்வருவது மூன்று ஆண்டுக்கு 17 லட்சம் டாலர். நமக்கு அது மலைபோலத் தெரியும். அவருடைய தொழிலில் அது சராசரிக்கும் கீழே. அவர் மறுக்கிறார். மறுத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை ஆடி முடிக்கப் போகிறார். இடையில் முழங்காலோ கழுத்தோ போனால் அந்தப் பதினேழு லட்சமும் கிடையாது. மனைவி நிறைமாதம், ஒரு மகன், ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி. பேராசைக்காரர் கையில் கிடைத்ததை வாங்கிப் பையில் போட்டிருப்பார். இவர் தன் உடம்பையே பணயமாக வைத்துச் சூதாடுகிறார். அந்தச் சூதாட்டம் சரியா என்று கேட்டால், நான் அவருடைய அண்ணனாக இருந்திருந்தால் 'வாங்கிக்கோடா' என்றுதான் சொல்லியிருப்பேன்.

இது கதாசிரியர் தானாகக் கற்பனை செய்ததும் அல்ல. இந்தப் பாத்திரத்துக்கு இயக்குநர் கேமரன் குரோவுக்குப் பொறி தந்தவர் டிம் மெக்டொனால்டு. அவர் ரிசீவர் அல்ல, ரிசீவர்களை முட்டி வீழ்த்தும் 'சேஃப்டி' என்பது ஒரு வேடிக்கை. 1987-இலிருந்து ஆறு பருவம் இதே கார்டினல்ஸில் ஆடியவர். ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற உரிமை, நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் போராடிய பிறகு 1993-இல்தான் வந்தது. வந்த உடனே அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார், 1994 பருவத்திலேயே லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் வென்றார். அந்த உரிமை வந்து நான்கு ஆண்டுக்குள் படம் வந்துவிட்டது. டிட்வெல் கேட்கும் பணத்தை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர் கடைசி ஆட்டத்தை 'மிகையான மெலோடிராமா' என்கிறார். டிட்வெல் பந்தைப் பிடிக்கிறார், முட்டுப்பட்டுத் தலைகீழாக விழுகிறார், அசைவில்லாமல் கிடக்கிறார். மைதானமே அடங்கிப்போகிறது. பிறகு எழுந்து நடனமாடுகிறார். எழுந்து நடனமாடுவதை வேண்டுமானால் சினிமா என்று சொல்லிக்கொள்ளட்டும். அசைவில்லாமல் கிடந்தது சினிமா அல்ல.

1978 ஆகஸ்ட் 12. ஓக்லண்டில் நியூ இங்கிலாந்து அணிக்கும் ரெய்டர்ஸுக்கும் ஆட்டம். பருவம் தொடங்குமுன் ஆடும் பயிற்சி ஆட்டம், வெற்றி தோல்வி எந்தக் கணக்கிலும் சேராது. நியூ இங்கிலாந்து ரிசீவர் டாரில் ஸ்டிங்லி நடுவே குறுக்காக ஓடி, எட்டாத ஒரு பந்துக்குப் பாய்கிறார். ஜாக் டேட்டம் எதிரே வந்து முட்டுகிறார். அன்றைய விதிப்படி அது குற்றமே இல்லை, நடுவர் கொடி வீசவில்லை. கழுத்தெலும்பு முறிந்து, 26 வயதில் ஸ்டிங்லியின் கைகால்கள் செயலிழந்தன. 2007-இல் இறக்கும் வரை சக்கர நாற்காலிதான். எனக்கு நெஞ்சை அடைப்பது இன்னொரு செய்தி. லீகிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் ரிசீவர்களில் ஒருவராக அவரை ஆக்கியிருக்கக்கூடிய புதிய ஒப்பந்தம் அப்போது பேசி முடிந்திருந்தது. ஊர் திரும்பியதும் அறிவிப்பதாக இருந்தார்கள். கையெழுத்து ஆகவே இல்லை.

கிரீன் பே அணி ரிசீவர் ஸ்டெர்லிங் ஷார்ப் இன்னொருவர். 1994 பருவத்தில் 18 டச்டவுன் (எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) பிடித்தவர். அந்தப் பருவம் முடியும்போது கழுத்தில் காயம், 29 வயதில் ஆட்டம் முடிந்தது, அணி அவரை விடுவித்தது. ஏழே பருவம். சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைக்க 2025 வரை ஆனது. நாம் ரிசீவர் என்றதும் ஜெர்ரி ரைஸை நினைத்துக்கொள்கிறோம்: 20 பருவம், பந்து பிடித்துக் கடந்த 22,895 கெஜம், நாற்பது வயதில் சூப்பர் பௌலில் டச்டவுன். கொத்தனார் மகனாகப் பிறந்து, செங்கல் பிடித்துக் கை பழகிய அவர் ஒரு விதிவிலக்கு. டிட்வெல்லின் பயம் ரைஸை வைத்து அளக்கக்கூடியது அல்ல.

படத்தின் முடிவில் அவருக்குக் கிடைப்பது நான்கு ஆண்டுக்கு 1 கோடியே 12 லட்சம் டாலர். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைக் கேட்டு அவர் அழுவார். டெம்பி தியேட்டரில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர், அணியால் ரொம்பவே புண்பட்டவர்போலும், 'அதில் முன்பணம் எவ்வளவு?' என்று திரையைப் பார்த்தே கேட்டார். சுற்றியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அன்று எனக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை, வீட்டுக்குப் போகும் வழியில் நண்பர் ஒருவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது.

அதே தியேட்டரில் அதைவிடப் பெரிய சிரிப்பு, கார்டினல்ஸ் டல்லஸை வெல்லும் இடத்தில் எழுந்தது. படத்திலேயே நம்ப முடியாத காட்சி எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான். இரண்டு ஆண்டு கழித்து, 1999 ஜனவரி 2 அன்று, டல்லஸ் மைதானத்திலேயே நாக்அவுட் ஆட்டத்தில் கார்டினல்ஸ் 20-7 என்று கௌபாய்ஸை வென்றார்கள். 1947-க்குப் பிறகு அந்த அணி வென்ற முதல் நாக்அவுட் ஆட்டம். இந்த முறை ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க முடிந்தது.

இனி கோல். டிட்வெல் அடித்தது டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. இந்த ஆட்டத்திலும் 'ஃபீல்ட் கோல்' என்று ஒன்று உண்டு, அது காலால் உதைத்து எடுப்பது, மூன்று புள்ளி. அதை ரிசீவர் அடிப்பதில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் நன்றாயிருக்கும்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்